ஆஸ்பெஸ்டாஸ் நோயும் இழப்பீடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளில் ஒரு வினோதம் உண்டு. அடி விழுந்தது முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்னால். வலி தெரிவது இப்போது. அதற்குள் கம்பெனி கைமாறியிருக்கும், மேஸ்திரி இறந்திருப்பார், சம்பளச் சீட்டைக் கரையான் தின்றிருக்கும். இந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது என்பதைத்தான் கீழே பல கேள்விகள் பல விதமாகக் கேட்கின்றன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அதனால் ஒரு விதியைச் சொல்லும்போது அது எந்த நாட்டு விதி என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். உங்கள் கேஸுக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் நாட்டு வக்கீல்தான் சொல்ல முடியும்.

கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் இரண்டும் ஒன்றா?

ஒன்றுதான். நார் நாராகப் பிரியும் ஒரு கனிமம். வெள்ளை, பழுப்பு, நீலம் என்று வகைகள் உண்டு. வெள்ளையால் கெடுதல் இல்லை என்று விற்பவர்கள் வெகுகாலம் சொல்லிவந்தார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்ற முதல் பிரிவில்தான் வைத்திருக்கிறது. "நாங்கள் விற்றது வெள்ளை வகை" என்று எதிர்த்தரப்பு சொல்வதால் மட்டும் கேஸ் முடிந்துவிடாது.

எந்தெந்த நோய்க்கு இழப்பீடு கேட்கலாம்?

முதலில் வருவது மெசோதெலியோமா. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில், சில சமயம் வயிற்று உறையில் வரும் புற்றுநோய். ஆஸ்பெஸ்டாஸ் அல்லாத காரணத்தால் இது வருவது அபூர்வம். அதனால் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இந்தப் பெயர் இருந்தாலே, "எதனால் வந்தது?" என்ற பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்த மாதிரி. மீதிப் பாதி, "யாருடைய ஆஸ்பெஸ்டாஸ்?"

அடுத்தது ஆஸ்பெஸ்டோசிஸ். நார்கள் நுரையீரலுக்குள் தங்கி, அங்கே தழும்பேறி, நுரையீரல் விரியாமல் இறுகிப்போகும் நிலை. இது புற்றுநோய் அல்ல. ஆனால் மாடிப்படி ஏற முடியாமல் செய்துவிடும். பொதுவாக வருடக்கணக்கில் நிறையத் தூசி சுவாசித்தவர்களுக்கு வருவது. அதனால் எத்தனை வருடம், எவ்வளவு தூசி என்ற கணக்கு இங்கே முக்கியம்.

நுரையீரல் புற்றுநோய்தான் வழக்கில் சிக்கலானது. அது பல காரணங்களால் வரும் என்பதால் எதிர்த்தரப்பு முதலில் சிகரெட்டைக் காட்டும். குரல்வளைப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஒரு காரணம் என்று மேற்சொன்ன முகமை ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாட்டின் இழப்பீட்டுப் பட்டியலிலும் இவை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கடைசியாக, நுரையீரல் உறையில் தெரியும் தடிப்புகள். பரவலாகத் தடித்து மூச்சைக் கட்டினால் இழப்பீடு உண்டு. ஸ்கேனில் மட்டும் தெரிந்து தொந்தரவே செய்யாத சிறு திட்டுகள் என்றால் நாடுகள் இரண்டுபட்டு நிற்கின்றன. இங்கிலாந்தில் 2007ல் பிரபுக்கள் சபை நீதிபதிகள் (அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் அப்போது அதுதான்) அதற்கு இழப்பீடு கிடையாது என்றார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஸ்காட்லாந்து 2009ல் தனிச் சட்டம் போட்டு, உண்டு என்றது.

வேலையை விட்டு முப்பது வருடம் ஆகிவிட்டது. இனிமேல் கேட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். மெசோதெலியோமா தலைகாட்டவே 20 முதல் 50 வருடம் ஆகும் என்பதால், பல நாடுகளில் காலவரம்பு தூசி சுவாசித்த நாளிலிருந்து ஓடுவதில்லை. நோய் இது, காரணம் இது என்று தெரியவந்த நாளிலிருந்துதான் ஓடும்.

இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 1963ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. எஃகு வார்ப்புகளைத் தேய்த்துச் சீர்செய்யும் வேலையில் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளர்கள் தொடுத்தது. தங்களுக்கு நோய் இருப்பதே அவர்களுக்குத் தெரியாத காலத்தில் காலவரம்பு முடிந்துவிட்டது என்று அவர்கள் தோற்றார்கள். தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளுக்கே அது அநியாயமாகப் பட்டது. அதே வருடம் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றியது. இப்போது அங்கே, தெரியவந்த நாளிலிருந்து மூன்று வருடம்.

ஆனால் காலவரம்பு இன்னும் பல்லுள்ள பாம்புதான். இத்தாலியில் எட்டர்னிட் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஆலைகள் தொடர்பான குற்ற வழக்கில் 2012ல் டூரின் நீதிமன்றம் 16 வருடச் சிறைத்தண்டனை விதித்து, ஆயிரக்கணக்கானவர்களுக்கு இழப்பீடும் சொன்னது. 2014ல் உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. காரணம், காலம் கடந்துவிட்டது என்பதுதான். ஆகவே டாக்டர் நோயின் பெயரை எழுதிக்கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். உங்கள் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. சில இடங்களில் அது ஒரே வருடம்தான்.

பணம் யாரிடமிருந்து வரும்?

பொதுவாக நான்கு கதவுகள். ஒன்றைத் தட்டுவதால் மற்றொன்று மூடிக்கொள்ளவும் வாய்ப்புண்டு என்பதால், எதையும் கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் இழப்பீடு: முதலாளி தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, வேலையால் நோய் வந்தது என்று காட்டினால் போதும். தொகை சிறியது, ஆனால் சீக்கிரம் வரும். பிரிட்டனில் ஆஸ்பெஸ்டோசிஸுக்கு இப்படி ஒரு திட்டம் 1931லேயே வந்துவிட்டது. அதற்கு முன்? ராச்டேல் நகரின் நெல்லி கெர்ஷா ஆஸ்பெஸ்டாஸ் நூல் நூற்றவர். 33 வயதில், 1924ல் இறந்தார். அவர் வேலை பார்த்த கம்பெனி, இப்படியொரு நோய்க்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பணம் தர மறுத்தது. நுரையீரலில் ஆஸ்பெஸ்டாஸ் தூசி கண்டு மருத்துவ இதழில் விவரிக்கப்பட்ட முதல் மரணங்களில் ஒன்று அவருடையது.

சிவில் வழக்கு: முதலாளி மீதோ, பொருளைத் தயாரித்தவர் மீதோ. ஆபத்து தெரிந்தும் சொல்லவில்லை, பாதுகாக்கவில்லை என்று காட்ட வேண்டும். தொகை பெரியது, நாளாகும்.

திவாலான கம்பெனிகள் ஒதுக்கிய அறக்கட்டளை நிதி: இது பெரும்பாலும் அமெரிக்க ஏற்பாடு.

அரசு நடத்தும் நிதி: பிரான்ஸ் 2000 டிசம்பரில் இதற்கென்றே ஒரு நிதியை உருவாக்கியது. அங்கே தொழிலாளி என்று காட்டவேண்டிய அவசியம்கூட இல்லை. பாதிக்கப்பட்டவர் என்றால் போதும். என்னைக் கேட்டால், நோயாளிக்கு நீதிமன்றப் படியேற வேலையில்லாத இந்த மாதிரிதான் நல்ல ஏற்பாடு.

கம்பெனியே இப்போது இல்லையே?

இதைக் கேட்டதுமே பலர் கையை விரித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கம்பெனி போனாலும் அதன் இன்சூரன்ஸ் போயிருக்காது. நீங்கள் வேலை பார்த்த வருடத்தில் முதலாளி எந்தக் காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசி வைத்திருந்தாரோ, அந்த நிறுவனம் இன்றும் பொறுப்பாகலாம். வேறொரு கம்பெனி அதை வாங்கியிருந்தால் கடன்களும் சேர்ந்தே போயிருக்கலாம். தாய்க் கம்பெனி மீதும் வழக்குப் போடலாம். 2012ல் இங்கிலாந்தில், கிளைக் கம்பெனித் தொழிலாளியின் உடல்நலத்துக்கு கேப் என்ற தாய்க் கம்பெனியும் பொறுப்பு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் ஜான்ஸ்-மான்வில் என்ற பெரிய ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனி 1982ல் திவால் மனு கொடுத்தது. வழக்குகளின் வெள்ளத்தைத் தாங்க முடியவில்லை. அதிலிருந்து 1988ல் ஓர் அறக்கட்டளை பிறந்தது. வரிசை நீளம், பணம் குறைவு என்பதால் அது சீக்கிரமே முழுத் தொகை கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு பங்கை மட்டும் கொடுக்க ஆரம்பித்தது. இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் அங்கே இன்று அறுபதுக்கும் மேல். ஒருவர் பல கம்பெனிகளின் பொருள்களோடு புழங்கியிருந்தால், பல அறக்கட்டளைகளில் மனுப் போடலாம்.

பிரிட்டனில் 2014ல் வந்த சட்டப்படி, முதலாளியையும் கண்டுபிடிக்க முடியவில்லை, காப்பீட்டாளரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் மெசோதெலியோமா நோயாளிக்கு ஒரு தனித் திட்டத்திலிருந்து பணம் உண்டு. அந்தப் பணத்தைக் காப்பீட்டு நிறுவனங்களிடமே வசூலிக்கிறார்கள்.

ஐந்து இடங்களில் வேலை பார்த்தேன். எந்த இடத்துத் தூசி என்னைக் கொன்றது என்று எப்படிச் சொல்வது?

சொல்ல முடியாது, மருத்துவத்தாலும் முடியாது. இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் எதிர்த்தரப்பு பல காலம் தப்பித்தது. ஒவ்வொரு முதலாளியும் மற்றவரைக் கைகாட்டினால், எல்லாரும் தப்பு செய்திருந்தும் ஒருவரும் பொறுப்பில்லை என்று ஆகிவிடும். 2002ல் ஃபேர்சைல்ட் என்ற வழக்கில் பிரபுக்கள் சபை இதை உடைத்தது: நோய்வாய்ப்படும் அபாயத்தைக் கணிசமாகக் கூட்டியிருந்தாலே அந்த முதலாளி பொறுப்பு. 2006ல் அதே சபையின் நீதிபதிகள், ஒவ்வொருவரும் தன் பங்குக்கு மட்டும்தான் தரவேண்டும் என்று கொஞ்சம் பின்வாங்கினார்கள். சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டு, மெசோதெலியோமாவில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத்தொகையையும் வாங்கலாம், பங்கு பிரிப்பதை அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆக்கியது. மற்ற நாடுகள் வேறு வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன. ஆனால் எங்கேயும், ஐந்து இடத்தையும் பட்டியலில் எழுதுங்கள். "அங்கே மூணு மாசம்தான் இருந்தேன்" என்று எதையும் விட்டுவிடாதீர்கள். காப்பீடு உயிரோடு இருப்பது அந்த மூன்று மாத இடத்துக்குத்தான் என்றுகூட ஆகலாம்.

சரி, ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேஸ் ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான்.

மருத்துவ ஆதாரத்தை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்: பயாப்ஸி, சி.டி. ஸ்கேன், மூச்சுத்திறன் சோதனை. நீங்கள் செய்ய வேண்டியது, ரிப்போர்ட்டோடு ஸ்கேன் படங்களின் நகலையும் கேட்டு வாங்குவது. பயாப்ஸித் திசுவை ஆய்வகம் அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லி எழுதிக்கொடுப்பது.

வேலை ஆதாரம் குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு நோயாளியின் பக்கத்தில் உட்காருங்கள். அப்பாவிடம் "எந்த வருஷம் அங்கே சேர்ந்தீங்க?" என்று கேட்டால் ஞாபகமில்லை என்பார். "அக்கா பிறந்தப்போ எங்கே வேலை?" என்று கேளுங்கள்; ஷிஃப்ட் உள்படச் சொல்வார். அங்கிருந்து முன்னும் பின்னும் போங்கள். மூட்டை என்ன நிறம், மேலே என்ன எழுத்து, என்ன படம்? குழாய்க்குச் சுற்றியதை ரம்பத்தால் அறுத்தீர்களா, கையால் பிய்த்தீர்களா? கீழே விழுந்ததைத் தண்ணீர் தெளித்து அள்ளினீர்களா, அப்படியே பெருக்கினீர்களா? சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிட்டீர்கள்? முகமூடி கொடுத்தார்களா? பக்கத்தில் நின்று வேலை செய்தவர் யார், அவர் இப்போது எங்கே? பாய்லர், பிரேக் லைனிங், கேஸ்கட், கூரை ஷீட், அடுப்புக் கயிறு என்று தொட்ட பொருள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். வெறுமனே "தூசியா இருந்தது" என்று எழுதினால் ஒரு மதிப்பும் இல்லை.

இப்படிச் சொல்லும் வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு கிளாரன்ஸ் பொரெலைப் பாருங்கள். 1936ல் இருந்து டெக்சாஸ் பக்கத்து ஆலைகளில் குழாய்களுக்கு வெப்பக்காப்பு போட்டவர். 1969ல் ஆஸ்பெஸ்டோசிஸ் என்று தெரிந்து, பொருளைத் தயாரித்த கம்பெனிகள் மீது வழக்குப் போட்டார். அடுத்த வருடம் மெசோதெலியோமா என்று ஒரு நுரையீரலை எடுத்தார்கள். வழக்கு விசாரணைக்கு வரும்முன்பே இறந்துவிட்டார். ஆனால் அதற்கு முன்பே வாக்குமூலம் கொடுத்திருந்தார். வேலை முடிந்ததும் உடுப்பை லேசாக அசைத்தாலே தூசி பறக்குமாம். மூக்கிலிருந்து கைப்பிடி கைப்பிடியாகத் தூசி வருமாம். தொண்டைக்குள் போகாமலிருக்க மூக்கில் மென்தால் களிம்பு தடவிக்கொண்டாராம். அது உயிரைக் கொல்லும் என்று தனக்குத் தெரியவே தெரியாது என்றும் சொன்னார். 1973ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எச்சரிக்காத தயாரிப்பாளர் பொறுப்பு என்ற அந்தத் தீர்ப்புதான் அமெரிக்காவின் மற்ற ஆஸ்பெஸ்டாஸ் வழக்குகளுக்கெல்லாம் வாசல் திறந்தது. மனிதர் போய்விட்டார், மூக்கில் தடவிய களிம்பு தீர்ப்பில் இருக்கிறது.

அதனால் நோட்டில் எழுதியதோடு நிறுத்தாமல், நோயாளி பேசும் தெம்போடு இருக்கும்போதே வக்கீலை வைத்து முறையாக வாக்குமூலம் பதிவு செய்யுங்கள். ஆஸ்திரேலியாவில் ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளியாக இருந்த பெர்னி பேன்டனின் வழக்கை ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலேயே விசாரித்தார்கள். 2007 நவம்பரில் சமரசம் ஆன சில நாட்களில் அவர் இறந்தார்.

காகிதங்களில், வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வருமான வரி, சங்கச் சந்தா ரசீது, அடையாள அட்டை, வேலை இடத்தில் எடுத்த குரூப் போட்டோ எதுவும் உதவும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1995ல், ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலை முடிந்தபின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் இதைச் சொல்லிக் கேட்கலாம்.

நான் சிகரெட் பிடித்தவன். எனக்குக் கிடைக்காதா?

மெசோதெலியோமாவுக்கும் புகைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கேஸில் சிகரெட் பேச்சை எடுத்தால் உங்கள் வக்கீல் நிறுத்திவிடுவார்.

நுரையீரல் புற்றுநோயில் கதை வேறு. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுவதில்லை, பெருகுகிறது. அமெரிக்க வெப்பக்காப்புத் தொழிலாளர்களிடம் நடத்தி 1979ல் வெளியான ஆய்வில், புகைக்காத, ஆஸ்பெஸ்டாஸ் படாத ஒருவரைவிட, ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் பட்டவருக்கு 5 மடங்கு, புகை மட்டும் பிடித்தவருக்கு 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 53 மடங்கு. ஆகவே புகைத்தவர் என்பது ஆஸ்பெஸ்டாஸை விடுவிக்கும் காரணம் அல்ல. தொகையைக் குறைக்கலாம், இங்கிலாந்தில் 2005ல் ஒரு கேஸில் 20 சதவீதம் குறைத்தார்கள். எத்தனை பிடித்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருத்துவக் கோப்பில் எப்படியும் இருக்கும்.

வேலைக்குப் போனது கணவர். நோய் எனக்கு வந்திருக்கிறது.

தூசி படிந்த உடுப்பை உதறித் துவைத்தவர்கள், அப்பா வீட்டுக்கு வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்ட குழந்தைகள், ஆலைக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்கள் எல்லாருக்கும் இது வருகிறது. தென்னாப்பிரிக்காவில் 1960ல் வெளியான ஆய்வில் இருந்த 33 மெசோதெலியோமா நோயாளிகளில் பலர் சுரங்கத்துக்குள் கால் வைக்காதவர்கள். நீல ஆஸ்பெஸ்டாஸ் வெட்டிய பகுதியில் வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான்.

இவர்களுக்குத் தொழிலாளர் இழப்பீடு பொதுவாகக் கிடைக்காது. ஆனால் வழக்குப் போடலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சிறுவயதில் ஆலை வாசலில் தூசிக் குவியலில் விளையாடியவர்கள் தொடுத்த வழக்கு 1990களில் ஜெயித்தது. ஜப்பானில் 2005ல் அமகசாகியில் ஆலைக்குப் பக்கத்துக் குடியிருப்பாளர்களுக்கு நோய் வந்தது வெளியே தெரிந்து பெரிய அதிர்ச்சியானது. அடுத்த வருடமே, தொழிலாளர் அல்லாதவர்களுக்கும் உதவும் தனிச் சட்டம் வந்தது.

எனக்கு நோய் இல்லை. ஆனால் தூசியில் இருந்தேன், பயமாக இருக்கிறது. வழக்குப் போடலாமா?

பயத்துக்கு மட்டும் என்றால் கஷ்டம். நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் நீராவிச் சுரங்கங்களில் குழாய் வேலை பார்த்தவர்கள், வெள்ளைத் தூசி அப்பிக்கொண்டு வெளியே வருவதால் "பனிமனிதர்கள்" என்று பெயர் வாங்கியவர்கள். அவர்களில் ஒருவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1997ல், நோய் அறிகுறி இல்லாதவரை மன வேதனைக்கு இழப்பீடு இல்லை என்றது. 2003ல் அதே நீதிமன்றம், ஆஸ்பெஸ்டோசிஸ் ஏற்கெனவே வந்தவர் புற்றுநோய் பயத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்றது. கேஸ் போட வேண்டாம்; நோட்டை மட்டும் இப்போதே எழுதி வையுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

தொகை சொல்லி ஆசைகாட்டுபவர்களிடம் ஜாக்கிரதை. வயது, போன வருமானம், மருத்துவச் செலவு, பார்த்துக்கொள்ளும் ஆள்செலவு (வீட்டார் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டாலும் சில நாடுகளில் அதற்கும் கணக்குண்டு), நோயின் தீவிரம், சார்ந்திருப்பவர்கள் எல்லாம் சேர்ந்து வருவது அது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஆஸ்பெஸ்டோசிஸுக்குப் பணம் வாங்கும்போது, "இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்" என்று எழுதிக்கொடுத்தால் பிறகு புற்றுநோய் வந்தால் கேட்க முடியாது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும், பின்னால் நோய் முற்றினால் மறுபடி வரும் உரிமையோடு இப்போதைக்கு மட்டும் தொகை வாங்கலாம். மேலே சொன்ன பேன்டன் அப்படித்தான் 2000ல் ஒருமுறை வாங்கி, மெசோதெலியோமா வந்ததும் திரும்பி வந்தார்.

நோயாளி இறந்துவிட்டார். எல்லாம் முடிந்ததா?

இல்லை. குடும்பம் வழக்கைத் தொடரலாம், அல்லது புதிதாகப் போடலாம். அதற்குத் தனிக் காலவரம்பு உண்டு. கேட்க மனம் வராத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் இருந்து, உயிரோடு இருந்தபோது பயாப்ஸி எடுக்கவில்லை என்றால், இறுதிச் சடங்குக்கு முன்பே டாக்டரிடம் பிரேதப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். நுரையீரல் திசுவில் இருக்கும் நார்கள் அதற்கப்புறம் கிடைக்காது. இறப்புச் சான்றிதழில் "மூச்சடைப்பு" என்று மட்டும் எழுதவிடாமல், அடிப்படை நோயையும் எழுதச் சொல்லுங்கள்.

வேலை பார்த்தது வேறு நாட்டில். எங்கே வழக்குப் போடுவது?

பொதுவாகத் தூசி பட்ட நாட்டில்தான், அந்த நாட்டுச் சட்டப்படி. ஆனால் முதலாளியின் தலைமையிடம் இருக்கும் நாட்டிலும் முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தென்னாப்பிரிக்கத் தொழிலாளர்களும் குடியிருப்பாளர்களும் கேப் நிறுவனத்தின் மீது லண்டனில் வழக்குப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலேயே போய்ப் போடுங்கள் என்று கம்பெனி வாதாடியது. உள்ளூரில் வக்கீல் வைத்து நடத்த வசதியில்லை, அனுப்பினால் நீதியே கிடைக்காது என்று 2000ல் பிரபுக்கள் சபை லண்டனிலேயே நடக்கட்டும் என்றது. 2003ல் சமரசத் தொகை வந்தது.

கப்பலில் வேலை பார்த்தவர்களுக்கு இது இன்னும் சிக்கல்; கொடி ஒரு நாடு, முதலாளி ஒரு நாடு, துறைமுகம் இன்னொன்று. பெட்டியைக் கிளறி பழைய சி.டி.சி. புத்தகத்தை (கப்பல் ஊழியரின் பணிப் பதிவுப் புத்தகம்) தேடி எடுங்கள். எந்தக் கப்பல், எந்தத் தேதி ஏறினார், எந்தத் தேதி இறங்கினார், எஞ்சின் அறையா மேல்தளமா என்று அதில் முத்திரையோடு பதிந்திருக்கும்.